மலைநாட்டுச் சுல்தான்கள் – 9: ஜாம் பள்ளத்தாக்கில் எழுந்த எழுத்துக் கோபுரம்

கஸ்னி நகரம் ஏழு நாள் எரிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். தன் சகோதரர்கள் இருவரின் சாவுக்குப் பழிவாங்கப் போன கோர் நாட்டு அலாவுத்தீன் ஹுசைன், அந்த ஒரு வாரத்தில் ‘ஜஹான்சூஸ்’ ஆனான். உலகை எரித்தவன் என்று பொருள். எரித்ததோடு அவன் கோபம் தணியவில்லை. கஸ்னியின் சையதுகளைச் சிறைப்பிடித்து, அவர்கள் முதுகில் கஸ்னி மண்ணையே மூட்டை கட்டி ஏற்றி, மலைப்பாதை வழியாகத் தன் தலைநகரான ஃபிரோஸ்கோவுக்கு நடத்திப் போனான். அங்கே அவர்களைக் கொன்று, அவர்களது ரத்தத்தை அந்த மண்ணில் குழைத்து, ஊரைச் சுற்றிய மலைகளின் மேல் காவல் கோபுரங்கள் கட்டினான் என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். தாம் எழுதும் நாளிலும் அவை நிற்கின்றன என்கிறார்.

மின்ஹாஜ் சிராஜ் ஜூஸ்ஜானியை இந்தத் தொடரில் அடிக்கடி சந்திக்கிறோம். அவர் ஃபிரோஸ்கோ அரண்மனையில், சுல்தானின் மகள் மாஹ் மலிக்கின் நிழலில் வளர்ந்தவர். மங்கோலியர் வந்தபின் நாடிழந்து, 1227இல் சிந்துக்கரைப் பக்கம் வந்து, பிறகு டெல்லியில் நீதிபதியாக இருந்து, 1260இல் ‘தபகாத்தே நாசிரி’யை எழுதி முடித்தவர். இல்லாமல் போன தன் ஊரைத் தூரத்திலிருந்து நினைத்து எழுதியவர் என்பதை மறக்காமல் அவரைப் படிக்க வேண்டும். பெருமையும் துயரமும் சேர்ந்தே அவர் பேனாவைத் தள்ளுகின்றன.

அலாவுத்தீன் கட்டிய அந்தக் கோபுரங்களை இன்று தேடிப் பயனில்லை. ஆனால் அதே ஊரில், அடுத்த தலைமுறையில், அவனுடைய அண்ணன் மகன் எழுப்பிய ஒரு மினார் நிற்கிறது. 65 மீட்டர் உயரம். எட்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. சுற்றி இருந்த தலைநகரில் இதற்கு இணையாக நிமிர்ந்து நிற்கும் கட்டடம் இன்னொன்று மிஞ்சவில்லை. இந்த இதழ் அந்த ஒரு கட்டடத்துக்காக மட்டும். கோரி வம்சம் தன்னைப் பற்றி உலகுக்கு என்ன சொல்ல விரும்பியது என்பதை வேறெந்த ஆவணத்தையும் விடத் தெளிவாக அதன் மேனியில்தான் எழுதி வைத்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஆப்கானிஸ்தானின் நடுவே கோர் மாகாணம். ஹெராத்திலிருந்து கிழக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், ஹரி ருத் என்னும் ஆறு செங்குத்தான மலைச்சுவர்களுக்கு இடையே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. இதே ஆறுதான் மேற்கே போய் ஹெராத்தின் வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நீர் தந்து, கடைசியில் துர்க்மெனிஸ்தான் மணலில் தீர்ந்துபோகிறது. தெற்கிலிருந்து ஜாம் ருத் என்ற சிற்றாறு வந்து ஹரி ருத்தில் சேருமிடத்தில், தென்கரையில், ஏறக்குறைய தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மினார் நிற்கிறது. எதிர்க்கரை மலையில் கஸ்ரே ஸர்அஃப்ஷான் என்று ஊரார் சொல்லும் கோட்டையின் இடிபாடுகள். பள்ளத்தாக்கில் சமதரை என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. அங்கே நின்றால் தொடுவானம் தெரியாது. மலையும் தலைக்கு மேல் ஒரு துண்டு வானமும்தான்.

வெளியுலகம் இந்தக் கோபுரத்தை நெடுங்காலம் அறியவில்லை. ஆப்கான் எல்லையை அளக்க வந்த ஆங்கிலேயர் குழுவைச் சேர்ந்த தாமஸ் ஹோல்டிச் 1886இல் இதைப் பற்றிக் குறிப்பிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஆப்கான் வரலாற்றறிஞர் அஹ்மத் அலி கோஹ்சாத் இதைப் பற்றி எழுதினார். 1957இல் பெல்ஜிய அறிஞர் ஆந்த்ரே மரிக் அங்கே போய்ச் சேர்ந்து, கல்வெட்டுகளைப் படமெடுத்து வந்தார். அரபு எழுத்தியல் நிபுணர் காஸ்தோன் வியத்துடன் சேர்ந்து 1959இல் அவர் வெளியிட்ட நூல், தொலைந்துபோன கோரித் தலைநகரம் இதுதான் என்று வாதிட்டது. மறு ஆண்டே மரிக் இறந்துபோனார். ஃபிரோஸ்கோ வேறிடம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இவ்வளவு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஒரு பேரரசின் தலைநகரம் எப்படி இருந்திருக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கான விடை கொஞ்சம் கழித்து வரும்.

கட்டடத்தின் அமைப்பு இப்படி. அடியில் எட்டுப் பட்டையாகச் சுமார் 9 மீட்டர் அகலமுள்ள பீடம். அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக, மேலே போகப்போக ஒடுங்கும் உருளைத் தண்டுகள். உயரத்தில் பாதிக்குமேல் முதல் தண்டே எடுத்துக்கொள்கிறது. உச்சியில் வளைவுகள் சூழ்ந்த ஒரு சிறு கூடு. ஒரு காலத்தில் தண்டுகள் மாறும் இடங்களில் மரத்தாலான மாடங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டுப்பொருள் எல்லாம் சுட்ட செங்கலும் சுண்ணாம்புக் காரையும். கல்லுக்குப் பஞ்சமே இல்லாத மலைநாட்டில் செங்கல்லைத் தேர்ந்தெடுத்தது யோசிக்கத்தக்கது. களிமண் பிசைந்து, சூளை வைத்து, விறகு தேடி, லட்சக்கணக்கில் செங்கல் சுட வேண்டும். குராசானின் பெரிய ஊர்கள் அப்படித்தான் கட்டின. கஸ்னியும் அப்படித்தான் கட்டியது. மலைமேல் கல்லை அடுக்கி வாழ்ந்த ஒரு குலம், தானும் அந்த வரிசையில் இடம்பெற வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது என்பதன் முதல் அடையாளம் இந்தச் செங்கல்.

உள்ளே போனால் இன்னொரு வியப்பு. முதல் தண்டுக்குள் நடுத்தூணைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள் சுழன்று ஏறுகின்றன. ஒன்றையொன்று பின்னிக்கொண்டே போனாலும் வழியில் சந்திப்பதில்லை. ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே போய்விடலாம். அழகுக்காக மட்டும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். இரட்டைச் சுருளான படிகள் நடுத்தூணையும் வெளிச்சுவரையும் அடிக்கடி இறுக்கிக் கட்டிவிடுகின்றன. மெல்லிய உடம்புள்ள உயரமான கட்டடத்துக்கு அது முதுகெலும்பின் வலு. நிலநடுக்கம் பழகிப்போன மண்ணில், ஆறு அடியை அரித்துக்கொண்டே இருக்கும் கரையில், சற்றுச் சாய்ந்த நிலையிலும் அது விழாமல் இருப்பதற்கு இந்தப் படிக்கட்டுகளுக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். பழைய வாசல் இப்போது ஆற்று வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது.

இதைக் கட்டியவர் யார்? கல்வெட்டிலேயே பெயர் இருக்கிறது: நிஷாப்பூரைச் சேர்ந்த இப்ராஹீம் மகன் அலி. குராசானின் நான்கு பெருநகரங்களில் ஒன்றான நிஷாப்பூரிலிருந்து ஒரு கைவினைஞனை வரவழைத்து, மலைக்குள் கூட்டிவந்து வேலை கொடுத்திருக்கிறார்கள். அவன் பெயரைச் சுல்தானின் பெயர் நிற்கும் அதே கட்டடத்தில் பொறிக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சிறு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. போர்க்களங்களின் பெயர்களையே படித்துச் சலித்த ஒரு வரலாற்றில், வேலை தெரிந்த ஒரு மனிதனின் பெயரும் ஊரும் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அலி செய்த வேலையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் தண்டின் மேற்பரப்பை அவன் பீடத்தின் எட்டுப் பட்டைக்கு ஏற்ப எட்டு நெடும்பலகைகளாகப் பிரித்துக்கொண்டான். ஒவ்வொன்றிலும் செங்கல்லை வெட்டியும் செதுக்கியும் பதித்தும் வட்டம், முடிச்சு, சாய்சதுரம், நட்சத்திரம் என்று வடிவங்களை நிரப்பினான். வெயில் நகர நகர அந்தப் புடைப்புகளின் நிழல் மாறுவதால் சுவரே அசைவதுபோல் இருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றிக்கொண்டு, ஒரு பலகையிலிருந்து இன்னொன்றுக்கு வளைந்தும் பின்னியும் ஒரு மெல்லிய பட்டை ஓடுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கோடு. அருகே வந்தால் எழுத்து. கூஃபி எழுத்தில் குர்ஆனின் 19ஆம் அத்தியாயம், மர்யம் சூரா, 98 வசனங்களும் முதலிலிருந்து கடைசிவரை அந்தப் பட்டையில் இருக்கின்றன. ஒரு அத்தியாயத்தை முழுமையாக ஒரு மினாரின் மேனியில் இப்படிச் சுற்றி எழுதிய துணிவு அபூர்வமானது.

இத்தனை செங்கல் நிறத்துக்கு நடுவே, மேலே ஒரே ஒரு இடத்தில் நிறம் மாறுகிறது. தண்டின் மேல்பகுதியில் பெரிய பெரிய எழுத்துகளாக, நீலப்பச்சை மெருகேற்றிய ஓடுகளால் சுல்தானின் பெயரும் பட்டங்களும்: ஸாம் மகன் கியாஸுத்தீன் முஹம்மது. செம்பு கலந்த கார மெருகைச் சூளையில் சுட்டெடுத்தால் வரும் நிறம் அது. மங்காதது. பட்டங்களில் ஒன்று அவனை அரசர்க்கரசன் என்கிறது. இன்னொன்று நம்பிக்கையாளர் தலைவரான கலீஃபாவின் பங்காளி என்கிறது. உச்சிப் பகுதியில் இறைவனின் உதவியையும் அண்மையிலிருக்கும் வெற்றியையும் நன்மாராயமாகச் சொல்லும் வசனமும், இஸ்லாமிய உறுதிமொழியான கலிமாவும் இருக்கின்றன.

கியாஸுத்தீன் யார் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். உலகை எரித்த அலாவுத்தீன், தன் அண்ணன் பஹாவுத்தீன் ஸாமின் இரண்டு பிள்ளைகளையும் சிறையில் வைத்திருந்தான். அவன் இறந்ததும் அவன் மகன் அவர்களை விடுவித்தான். 1163இல் மூத்தவன் கியாஸுத்தீன் அரியணை ஏறினான். இளையவன் முயிஸ்ஸுத்தீன். நம் பள்ளிப் புத்தகங்களில் ‘முகமது கோரி’ என்று வருபவன் இவன்தான். ஒரு சகோதரன் இன்னொருவனைக் கொன்றால்தான் அரசு நிலைக்கும் என்பது வழக்கமாக இருந்த காலத்தில், இந்த இருவரும் நாற்பது ஆண்டுகள் விட்டுக்கொடுத்து ஆண்டார்கள். அண்ணன் மலைநாட்டிலும் மேற்கிலும். தம்பி கஸ்னியிலிருந்து கிழக்கே. தரைன் போர்களில் பிருத்விராஜனை எதிர்த்து நின்ற தம்பியின் பெயர் நமக்கு மனப்பாடம். அந்தத் தம்பி யாருடைய பெயரால் சண்டையிட்டானோ அந்த அண்ணனை நாம் அறியோம்.

இந்த இடத்தில்தான் கோபுரத்தின் தேதி முக்கியமாகிறது. மரிக்கும் வியத்தும் நூலை எழுதியபோது ஆண்டு தெளிவாகக் கிடைக்கவில்லை. பிறகு பீடத்தில் ஒரு தேதி கண்டுபிடிக்கப்பட்டது. ஹிஜ்ரி 590 என்று படித்தார்கள். அதாவது கி.பி. 1194ஐ ஒட்டி. உடனே ஒரு கதை பிறந்தது: 1192இல் இரண்டாம் தரைன் போரில் வென்று டெல்லிப் பக்கம் கைக்கு வந்ததைக் கொண்டாட எழுப்பிய வெற்றித்தூண் இது. யுனெஸ்கோவின் குறிப்பிலும் 1194தான் இருக்கிறது. பயண நூல்களும் அதையே திருப்பிச் சொல்கின்றன.

ஆனால் கூஃபி எழுத்தில் புள்ளிகள் இல்லை. புள்ளி இல்லாதபோது அரபியில் எழுபதும் தொண்ணூறும் ஒரே சாயலில் தெரியும். ழானின் சுர்தெல் தொமின் என்ற பிரெஞ்சு அறிஞர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அது 570 என்றுதான் படிக்கப்பட வேண்டும் என்று நிறுவினார். கி.பி. 1174–75. இன்று அறிஞர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். இருபது ஆண்டு வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். அந்த இருபது ஆண்டை நகர்த்தியதும் இந்தியாவே இந்தக் கோபுரத்தின் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறது. 1174இல் தரைன் இல்லை, டெல்லி இல்லை. அதற்கு முந்திய ஆண்டு, 1173இல், கோரிகள் கஸ்னியைக் கைப்பற்றித் தம்பியை அங்கே அமர்த்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஹெராத் அவர்கள் கைக்கு வரப்போகிறது.

இதை அறிந்தபின் கோபுரத்தை வெற்றித்தூண் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கஸ்னியைப் பிடித்த மகிழ்ச்சி அதில் இல்லை என்று சொல்லவில்லை. கஸ்னியில் மூன்றாம் மஸ்ஊதும் பஹ்ராம் ஷாவும் கட்டிய இரண்டு மினார்கள் இருந்தன. நட்சத்திர வடிவ அடித்தண்டும் அதன்மேல் உருளைத் தண்டும் கொண்டவை. மேல்பாதி 1902 நிலநடுக்கத்தில் விழுந்து, இன்று அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அலாவுத்தீன் கஸ்னியை எரித்தபோதும் அவை அழியவில்லை. அந்த இரண்டையும் பார்த்து, அவற்றைவிட உயரமாக ஒன்று கட்டுவேன் என்று கியாஸுத்தீன் எண்ணியிருப்பான். சித்தப்பா கஸ்னியின் மண்ணையும் ரத்தத்தையும் கொண்டுவந்து கட்டினார். இவன் கஸ்னியின் கலையைக் கொண்டுவந்து கட்டினான். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

கோர் நாடு இஸ்லாத்துக்குள் வந்ததே தாமதமாகத்தான். பத்தாம் நூற்றாண்டின் அரபு நிலவியலாளர்கள், நாலா பக்கமும் முஸ்லிம்கள் சூழ நடுவே இஸ்லாம் ஏற்காத ஒரு மலைத்தீவாக இதைக் குறிப்பிடுகிறார்கள். ஹெராத்தின் அடிமைச் சந்தைக்குக் கோர் மலைகளிலிருந்து பிடித்துவந்த மனிதர்கள் வந்தார்கள். 1011இல் கஸ்னி மஹ்மூத் படையெடுத்துப் போய் அவர்கள் தலைவனைத் தோற்கடித்து, மார்க்கம் கற்பிக்க ஆசிரியர்களை விட்டுவந்தான். பட்டணத்து மக்கள் காட்டான் என்று ஒதுக்கிய குலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஒரு கோபுரம் கட்டும் வாய்ப்பு வருகிறது. அதில் அவர்கள் வாளையோ யானையையோ வென்ற ஊர்களின் பட்டியலையோ எழுதவில்லை. முழுச் சூராவை எழுதினார்கள்.

ஏன் மர்யம் சூரா? குர்ஆனில் 114 அத்தியாயங்கள் இருக்க, இந்த ஒன்று ஏன்? ஜக்கரிய்யா நபி முதுமையில் பிள்ளை கேட்பது, மர்யம் பேரீச்சை மரத்தடியில் ஈசாவைப் பெறுவது, இப்ராஹீம் நபி தன் தந்தையிடம் சிலை வணக்கத்தை எதிர்த்து வாதிடுவது, மூஸா, இஸ்மாயீல், இத்ரீஸ் என்று நபிமார் வரிசையாக வருவது. சிலை வணங்குவோரை நோக்கிய எச்சரிக்கை என்றார்கள் சிலர். ஊரில் வாழ்ந்த பிற சமயத்தாருக்கான செய்தி என்றார்கள் வேறு சிலர். கலை வரலாற்றறிஞர் ஃபின்பார் பேரி ஃப்ளட் இதைக் கர்ராமிய்யா மரபோடு சேர்த்துப் படிக்கிறார். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முஹம்மது இப்னு கர்ராம் என்ற துறவியின் வழிவந்த இயக்கம் அது. எளிமையும் கடுமையும் கொண்டது. கோர் மலைகளில் இஸ்லாம் வேர்விட்டதற்கு அதன் போதகர்கள் பெரிய காரணம். இறைவனின் சொல், படைப்பு ஆகியவை பற்றி மற்ற பள்ளிகளோடு அவர்கள் ஓயாமல் வாதிட்டவர்கள். மர்யம் சூராவில், அவன் ஒன்றை முடிவு செய்தால் ‘ஆகுக’ என்பான், அது ஆகிவிடும் என்ற கருத்துடைய வசனம் (35) வருகிறது. அந்த வாதங்களுக்கு அது மையமான வசனம்.

பின்னாளில், 1199ஐ ஒட்டி, கியாஸுத்தீன் கர்ராமிய்யாவை விட்டு ஷாஃபிஈ பள்ளிக்கு மாறினான். பேரறிஞர் ஃபக்ருத்தீன் ராஸி ஃபிரோஸ்கோவில் கர்ராமிய்யா தலைவரோடு வாதிட்டபோது ஊரில் கலகமே மூண்டு, ராஸி ஹெராத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். கோபுரம் எழுந்தது அதற்கு முன்பே, சுல்தானும் மலைமக்களும் ஒரே மரபில் இருந்த நாளில். ஆகவே அது வெளியே இருந்த எதிரிகளை நோக்கிப் பேசவில்லை என்று நான் எண்ணுகிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் வெளியூர்ப் பகைவன் எவனும் தூரத்திலிருந்து அதைப் பார்த்து அஞ்சியிருக்க முடியாது, மலை மறைத்துவிடும். சரிவுகளில் அடுக்கடுக்காக வீடு கட்டி வாழ்ந்தவர்கள் எந்த வாசலில் நின்றாலும் அதைப் பார்த்திருப்பார்கள். நாம் இனி இவர்கள் என்று அது தன் மக்களுக்கே சொன்னது.

அந்த மக்கள் யார் யார் என்பதற்கு எதிர்பாராத ஒரு சான்று கிடைத்திருக்கிறது. 1962இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆந்திரேயா புரூனோ, மினாருக்கு அருகே குஷ்கக் என்ற மேட்டில் ஹீப்ரு எழுத்துள்ள கற்களைக் கண்டார். யூதர்களின் கல்லறைக் கற்கள். மொழி பாரசீகம், எழுத்து ஹீப்ரு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை தேதியுள்ளவை. இதைப் பார்த்ததும் ஜூஸ்ஜானி சொல்லும் ஒரு பழங்கதை உயிர்பெறுகிறது. கோரிகளின் முன்னோன் அமீர் பன்ஜி, பங்காளிச் சண்டையோடு பக்தாதில் ஹாரூன் ரஷீதின் அவைக்குப் போகப் புறப்பட்டானாம். வழித்துணையாக வந்த யூத வணிகர் ஒருவர், அவைக்கேற்ற உடையும் நடையும் பேச்சும் அவனுக்குக் கற்றுத்தந்தாராம். அதற்குக் கைம்மாறாக, தம் இனத்தார் வாழக் கோர் நாட்டில் ஓர் இடம் கேட்டாராம். கதையின் நடப்பு எப்படியிருந்தாலும், அந்த மேட்டின் கற்கள் பொய் சொல்லவில்லை. மலைக்குள் அடைபட்ட ஊராகத் தோன்றும் ஃபிரோஸ்கோவில் வணிகக் குடிகள் நூறாண்டு வாழ்ந்து, தம் மூத்தவர்களை அங்கேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் தலைநகரம் எப்படி என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஃபிரோஸ்கோ கோடைத் தலைநகரம். குளிர்காலத்தில் சுல்தான் தெற்கே வெதுவெதுப்பான ஸமீன்தாவர் பக்கம் போய்விடுவான். படையும் பரிவாரமும் கூடாரங்களில் வாழும். கல்லும் செங்கல்லுமாகக் கட்ட வேண்டியவை கோட்டை, அரண்மனை, ஜும்ஆ பள்ளிவாசல், வணிகர் வீடுகள், இவ்வளவே.

அந்தப் பள்ளிவாசலின் முடிவைப் பற்றிய செய்தி மனதைத் தொடுவது. அஜ்மீரை வென்ற பிறகு தம்பி அண்ணனுக்கு அனுப்பிய பொருள்களில் ஒரு பெரிய பொன் வளையமும் சங்கிலியும் முரசங்களும் இருந்தன. அவற்றை ஃபிரோஸ்கோவின் ஜும்ஆ பள்ளியில் வைத்தார்கள் என்கிறார் ஜூஸ்ஜானி. பின்னர் வெள்ளம் வந்து அந்தப் பள்ளியை அழித்தது. சுல்தான் அந்தப் பொருள்களை ஹெராத்துக்கு அனுப்பி, தீயில் சேதமான அவ்வூர்ப் பெரிய பள்ளிவாசலைக் கட்டப் பயன்படுத்தச் சொன்னான். ஹெராத் பள்ளியின் அந்தத் திருப்பணி 1200ஐ ஒட்டியது. ஆக, இரு ஆறுகள் கூடுமிடத்தில் கட்டிய பள்ளிவாசல், கட்டியவனின் வாழ்நாளிலேயே ஆற்றோடு போயிற்று.

எழுத்தில் மட்டும் இருந்த இந்த வெள்ளத்துக்கு மண்ணிலும் சான்று கிடைத்தது. 2003, 2005 ஆண்டுகளில் டேவிட் தாமஸ் தலைமையில் தொல்லியல் குழு அங்கே ஆய்வு செய்தபோது, மினாரின் அருகே ஆற்று வண்டலுக்குக் கீழே செங்கல் பாவிய தளத்தைக் கண்டார்கள். ஒரு பெரிய முற்றத்தின் தரை. மினார் தனித்து நின்ற வெற்றித்தூண் இல்லை, பாங்கு சொல்லப் பள்ளிவாசலோடு கட்டியதே என்பதற்கு இது வலுவான ஆதாரம். புதையல் தேடிகள் மலைச்சரிவெங்கும் தோண்டிப்போட்ட நூற்றுக்கணக்கான குழிகளின் பக்கவாட்டிலிருந்தும் அவர்கள் வீட்டுச் சுவர்களையும் தரைகளையும் படித்தார்கள். 2001க்குப் பிந்தைய குழப்ப நாட்களில் அந்தக் கொள்ளை உச்சத்தில் இருந்தது. ஒரு தலைநகரத்தின் அன்றாட வாழ்க்கை சாக்குகளில் ஏறிச் சந்தைக்குப் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. கொள்ளையர்களில் பலர் வேறு வருமானமே இல்லாத அக்கம்பக்கத்துக் கிராமத்தார் என்பதும் அந்த வலியில் சேர்ந்ததுதான்.

கோரிகளின் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1203இல் கியாஸுத்தீன் ஹெராத்தில் இறந்து, தான் திருப்பணி செய்த பள்ளிவாசலின் அருகே அடக்கமானான். 1206இல் முயிஸ்ஸுத்தீன் குத்திக் கொல்லப்பட்டான். 1215ஐ ஒட்டிக் குவாரஸ்ம் ஷாக்கள் வந்தார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு மங்கோலியர் வந்தார்கள். செங்கிஸ்கானின் மகன் ஒகதேயின் படை 1222இல் ஃபிரோஸ்கோவை அழித்தது. அதன்பின் அங்கே ஊர் எழவில்லை.

மினாரை மங்கோலியர் ஏன் விட்டுவைத்தார்கள் என்று கேட்பதைவிட, ஆறு ஏன் விட்டுவைத்திருக்கிறது என்று கேட்பது பொருத்தம். ஆபத்து இன்னும் அங்கிருந்துதான். 1960களிலிருந்து புரூனோ அடித்தளத்தை ஆராய்ந்து, கரையில் கம்பிவலைக்குள் கல்லடுக்கித் தடுப்பு போட வழிசெய்தார். போர்க்காலத்தில் பராமரிப்பு நின்றது. 2002இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுவே. அன்றே ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். 2019 மே மாத வெள்ளத்தில் ஹரி ருத் பீடத்தையே மோதியபோது, அருகிலுள்ள ஊர்களின் ஆண்கள் திரண்டு வந்து நீரைத் திருப்பிவிடப் பாடுபட்டார்கள். 2022 ஜனவரியில் மேற்கு ஆப்கானிஸ்தானைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் செங்கற்கள் உதிர்ந்தன. அறிக்கைகள் நிறைய வந்துவிட்டன. தேவைப்படுவது அடித்தளத்துக்கு நிலையான ஒரு தடுப்பும், அதை ஆண்டுதோறும் சீர்செய்ய ஆட்களும்.

இனி நம் பக்கம் வருவோம். ஜாம் கோபுரம் எழுந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, முயிஸ்ஸுத்தீனின் அடிமைத் தளபதி குத்புத்தீன் ஐபக் டெல்லியில் ஒரு மினாரைத் தொடங்கினான். அதன் அடிநிலையில் கூர்விளிம்பும் வட்டவிளிம்பும் மாறி மாறி வருவது கஸ்னியின் நட்சத்திரத் தண்டுகளின் நேர்வாரிசு. எழுத்தைப் பட்டை பட்டையாகச் சுற்றும் பழக்கம் ஜாமிலிருந்து வந்தது. செங்கல்லின் இடத்தைச் சிவப்புக் கல் எடுத்துக்கொண்டது; நிஷாப்பூர் அலியின் இடத்தில் இந்தியக் கற்தச்சர்கள் நின்றார்கள். அந்த முதல் நிலையின் பட்டைகளில் முயிஸ்ஸுத்தீனின் பட்டங்களோடு, டெல்லி மண்ணை மிதிக்காத அண்ணன் கியாஸுத்தீனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடிமையாக விற்கப்பட்ட ஒருவன், தன் எஜமானின் அண்ணனுடைய பெயரை யமுனைக்கரை நகரில் ஏன் எழுதினான், அதே நாளில் அங்கே இடிக்கப்பட்டவை எவை, கட்டப்பட்டவை எவை என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.